ஆண்ட்ராய்டு பீட்டா: ஆசைப்பட்டுப் போடலாமா? கடலுக்கு எடுத்துப் போகும் போனில் அப்டேட் செய்யும் முன் தெரிய வேண்டியவை

புது ஆண்ட்ராய்டு வருகிறது என்றாலே போதும், "இப்பவே உங்க போன்ல போடலாம்" என்று வீடியோக்கள் வரிசை கட்டிவிடும். அவற்றில் பெரும்பாலும் காட்டப்படுவது பீட்டா, அதாவது இன்னும் வேலை முடியாத சோதனைப் பதிப்பு. வீட்டில் இரண்டாவது போன் வைத்திருப்பவருக்கு அது பொழுதுபோக்கு. ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டு, அதையும் கடலுக்கு எடுத்துப் போகிறவருக்கு?

புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் வழக்கமாக திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகின்றன. எதிரே பாக் நீரிணை. கொஞ்ச நேர ஓட்டத்திலேயே சர்வதேச கடல் எல்லை வந்துவிடும். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்வதும், படகைப் பறிமுதல் செய்வதும் அடிக்கடி வரும் செய்தி. வானிலை எச்சரிக்கை, படகு நிற்கும் இடம், கரையில் மீன் விற்ற பணம் என்று பல விஷயங்கள் இப்போது போனில்தான் இருக்கின்றன. அந்த போன் பாதி வழியில் மக்கர் செய்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துவிட்டுத்தான் அப்டேட் பட்டனைத் தொட வேண்டும்.

ஆண்ட்ராய்டு 16 சோதனைப் பதிப்பாக இருந்து முழுப் பதிப்பாக மாறிய கதையை வைத்து, என்ன மாறியது, யார் எப்போது அப்டேட் செய்யலாம், எப்படிச் செய்யலாம் என்பதைப் பார்க்கலாம். அடுத்தடுத்து வரும் பதிப்புகளுக்கும் இதே கணக்குதான்.

பீட்டா என்றால் என்ன?

ஒரு ஆண்ட்ராய்டு பதிப்பு ஒரே நாளில் பிறப்பதில்லை. ஆண்ட்ராய்டு 16 வந்த வரிசையைப் பாருங்கள்.

2024 நவம்பர்: முதல் டெவலப்பர் பிரிவியூ. ஆப் தயாரிப்பவர்களுக்கு மட்டுமானது. டிசம்பரில் இரண்டாவது பிரிவியூ.

2025 ஜனவரி 23: முதல் பீட்டா. தகுதியுள்ள போன் வைத்திருக்கும் யாரும் பதிவு செய்து போட்டுப் பார்க்கலாம்.

2025 மார்ச்: மூன்றாவது பீட்டா. ஆப்களும் ஆண்ட்ராய்டும் பேசிக்கொள்ளும் விதிகள் இனி மாறாது என்று கூகுள் உறுதி கொடுத்த கட்டம் இது. ஆப் தயாரிப்பாளர்கள் தங்கள் ஆப்பை முழுமையாகச் சோதிக்கத் தொடங்க வேண்டிய நேரமும் இதுதான்.

2025 ஏப்ரல் 17: நான்காவது பீட்டா.

2025 ஜூன் 10: முழுப் பதிப்பு. முதலில் பிக்சல் போன்களுக்கு.

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாட்கள். நான்காவது பீட்டாவுக்கும் முழுப் பதிப்புக்கும் இடைப்பட்ட நாட்கள் அந்த ஆண்டு முழுக்க முழுக்க தடைக்காலத்துக்குள் விழுந்தன. படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கும் அதே நாட்களில்தான் கூகுளும் ஆண்ட்ராய்டைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தது. பிரித்துப் போட்ட இன்ஜினோடு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். பீட்டாவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பழுது கண்டுபிடிக்கத்தான் அது வெளியிடப்படுகிறது. அதைப் போடுகிறவர் சோதனை செய்பவராக ஒப்புக்கொண்டு போடுகிறார்.

2025 ஜூலையில் இந்த வரிசையில் கூகுள் ஒரு மாற்றம் செய்தது. டெவலப்பர் பிரிவியூவுக்குப் பதிலாக 'கேனரி' என்ற தனி வரிசை வந்தது. ஆண்டு முழுவதும் அவ்வப்போது வரும் இது, பீட்டாவைவிடவும் அரைகுறையானது. ஆப் எழுதுகிறவர்களைத் தவிர வேறு யாரும் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆண்ட்ராய்டு 16-ல் என்னென்ன மாறியது?

நேரலை அறிவிப்புகள்: உணவு ஆர்டர், டாக்சி பயணம், வழிகாட்டி மேப் போன்றவை எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பதை ஒரே அறிவிப்பில், ஓடும் கோடு போலப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் ஆப்பைத் திறக்க வேண்டியதில்லை.

கொத்தாக வரும் அறிவிப்புகள்: ஒரே ஆப்பில் இருந்து வரும் அறிவிப்புகள் தானாகவே ஒரு கொத்தாகச் சேர்ந்துவிடும். திரை சுத்தமாகும் என்பது நல்லது. ஆனால் வானிலை ஆப்பில் இருந்து வந்த புயல் எச்சரிக்கையும் சாதாரண அறிவிப்பும் ஒரே கொத்துக்குள் மடங்கிக் கிடக்கலாம். கொத்தை விரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன்: ஒரே ஒரு சுவிட்ச். இதை ஆன் செய்தால் பல பாதுகாப்பு வசதிகள் ஒன்றாக இயங்கும். அதில் முக்கியமானது, பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப் போடுவதைத் தடுப்பது. "டிராஃபிக் அபராதம்", "கல்யாணப் பத்திரிகை" என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் அனுப்பி வங்கிக் கணக்கைச் சுரண்டும் மோசடி இந்தியாவில் நிறைய நடக்கிறது. அதற்கு இது நல்ல கடிவாளம். ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: இந்த வசதி 2ஜி இணைப்பையும் தடுக்கும். அவசர அழைப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. 2ஜி சிக்னல் மட்டுமே கிடைக்கும் இடங்களில் வீட்டுக்கு போன் பேச முடியாமல் போகலாம். கரையில் இருந்து விலகிப் போகப் போக சிக்னல் மெலியும் இடத்தில் வேலை செய்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே ஆன் செய்ய வேண்டும்.

ப்ளூடூத்: ஏற்கெனவே ஜோடி சேர்த்திருந்த கருவியுடனான உறவு அறுந்துவிட்டால், ஆண்ட்ராய்டு 16 அதைக் கண்டுபிடித்து உங்களிடம் சொல்லும். முன்பு இது பல நேரம் சத்தமில்லாமல் நடக்கும்.

காது கேட்கும் கருவி: புது வகை ப்ளூடூத் செவித்துணைக் கருவி பயன்படுத்துபவர்கள், சத்தமான இடத்தில் போன் பேசும்போது கருவியின் மைக்குக்குப் பதிலாக போனின் மைக்கைத் தேர்வு செய்யலாம்.

பெரிய திரை: டேப்லெட், மடக்கும் போன்களில், ஆண்ட்ராய்டு 16-க்கு ஏற்பப் புதுப்பிக்கப்பட்ட ஆப்கள் "நான் நேராகத்தான் நிற்பேன்" என்று அடம்பிடிக்க முடியாது. திரை முழுவதையும் நிரப்பியாக வேண்டும்.

புதிய தோற்றம்: விளம்பரங்களில் பார்த்த துள்ளலான வடிவமைப்பு ஜூன் மாதப் பதிப்பிலேயே வரவில்லை. பிக்சல் போன்களுக்கு அது 2025 செப்டம்பரில்தான் வந்தது. "அப்டேட் பண்ணிட்டேன், ஒண்ணுமே மாறலையே" என்று பலர் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

தமிழ் எழுத்துக்கு என்ன ஆச்சு?

அதிகம் பேசப்படாத ஒரு மாற்றம் நேரடியாகத் தமிழைத் தொடுகிறது.

ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் அதிகம் தேவை. 'கீ' மேலே போகும், 'கூ' கீழே இறங்கும். முன்பு ஆண்ட்ராய்டில், ஆங்கில வரியின் உயரத்துக்குள் அடைப்பதற்காக இப்படிப்பட்ட எழுத்துகளை நெருக்கிக் காட்டும் முறை இருந்தது. ஆண்ட்ராய்டு 15-ல், அந்தப் பதிப்புக்கு ஏற்பப் புதுப்பிக்கப்பட்ட ஆப்களில், நன்றாகப் படிக்கக்கூடிய உயரமான வடிவம் இயல்பாகவே வந்தது. "வேண்டாம், பழையபடி நெருக்கியே காட்டு" என்று ஆப் தயாரிப்பாளர் சொல்ல அப்போது வழி இருந்தது. ஆண்ட்ராய்டு 16-க்கு ஏற்பப் புதுப்பிக்கும் ஆப்களுக்கு அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. தமிழோடு மலையாளம், தெலுங்கு, கன்னடம், குஜராத்தி, ஒடியா, அரபு உள்ளிட்ட எழுத்துகளுக்கும் இதே நிலைதான்.

படிப்பவருக்கு இது நல்ல செய்தி. வெயிலில், ஆடும் படகில், சின்னத் திரையில் எச்சரிக்கையைப் படிக்கிறவருக்கு எழுத்து தெளிவாக இருப்பது பெரிய விஷயம். ஆனால் ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து பட்டனையும் பெட்டியையும் அளந்த ஆப்களில், தமிழ் வரியின் தலையோ காலோ வெட்டுப்படலாம். இப்படிப்பட்ட கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்யத்தான் பீட்டா காலம் இருக்கிறது. தமிழில் இயங்கும் ஆப்களைத் தயாரிப்பவர்கள் அந்த மாதங்களில் சோதிக்காமல் விட்டால், முழுப் பதிப்பு வந்த பிறகு அதைக் கண்டுபிடிப்பது கடலில் இருக்கும் பயனாளராகத்தான் இருக்கும். உங்கள் ஆப்பில் எழுத்து வெட்டுப்பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் இருக்கும் டெவலப்பர் இமெயிலுக்கு அனுப்புங்கள்.

கடலில் போன் செய்யும் வேலைகள் என்ன?

பீட்டாவில் எது உடைந்தால் எவ்வளவு நஷ்டம் என்று தெரிய, கடலோரத்தில் போன் என்னவெல்லாம் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளையும் கடல் நிலையையும் கணித்துச் சொல்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃபிரெண்ட்' ஆப் இந்தத் தகவல்களோடு பேரிடர் எச்சரிக்கை, ஜிபிஎஸ், சர்வதேச எல்லைக் கோடு ஆகியவற்றையும் காட்டுகிறது. வானிலைத் துறைக்கு 'மௌசம்' ஆப் இருக்கிறது.

மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் தொடங்கப்பட்டது. இலக்கு ஒரு லட்சம் படகுகள். செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பரிமாற இஸ்ரோவின் தொழில்நுட்பம் இதில் பயன்படுகிறது. அந்தக் கருவியோடு ப்ளூடூத் மூலம் இணைந்து வேலை செய்வதுதான் 'நபமித்ரா' ஆப். ஆக, போனில் ப்ளூடூத் சரியில்லை என்றால் பாட்டு கேட்க முடியாததோடு முடிந்துவிடாது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது புதுக்கோட்டை மாவட்டம் எவ்வளவு அடி வாங்கியது என்பதை இந்தப் பகுதியில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. எச்சரிக்கை சரியான நேரத்தில் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதுதான் இங்கே முதல் தேவை.

விசைப்படகில் விஎச்எஃப் வயர்லெஸ், தனி ஜிபிஎஸ் கருவி என்று மாற்று ஏற்பாடு இருக்கலாம். சின்ன நாட்டுப்படகில் பல நேரம் போன்தான் எல்லாமே. பீட்டாவின் ரிஸ்க் இரண்டு படகுக்கும் ஒன்றில்லை.

பீட்டா போட்டால் என்ன கெடலாம்?

பேட்டரி: சோதனைப் பதிப்பில் பேட்டரி வேகமாக இறங்குவது வழக்கமான புகார். வீட்டில் சார்ஜர் பக்கத்திலேயே இருக்கும். நடுக்கடலில் அப்படி இல்லை.

வங்கி, யுபிஐ ஆப்கள்: போனில் இருக்கும் மென்பொருள் நம்பகமானதா என்று இவை சோதிக்கும். சந்தேகம் வந்தால் திறக்க மறுக்கலாம். ஏலத்தில் மீன் விற்று, பணம் வாங்கும் நேரத்தில் இது நடந்தால் சிக்கல்.

ஜிபிஎஸ், ப்ளூடூத், சிக்னல்: இந்த மூன்றும் போனின் வன்பொருளோடு நெருக்கமாகப் பிணைந்தவை. பீட்டாவில் இவற்றில் கோளாறு வருவது புதிதல்ல.

பின்னணியில் ஓடும் ஆப்கள்: திரை அணைந்த பிறகும் இடத்தைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டிய ஆப்பை, புது பதிப்பு தூங்க வைத்துவிடலாம். எல்லை எச்சரிக்கை தரும் ஆப் தூங்கிப்போனால் அது இருந்தும் பயனில்லை.

பீட்டா மட்டும்தான் ஆபத்து, முழுப் பதிப்பில் எல்லாம் சரியாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2021-ல் அமெரிக்காவில் ஒரு பிக்சல் 3 பயனாளரால் 911 அவசர எண்ணுக்கு அழைக்க முடியாமல் போனது. ஆண்ட்ராய்டுக்கும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆப்புக்கும் இடையில் இருந்த மோதலே காரணம் என்று கூகுள் ஒப்புக்கொண்டு சரி செய்தது. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 முழுப் பதிப்பாக வந்த பிறகு, ஒரே போனில் பல யூசர் புரொஃபைல் வைத்திருந்த சில பிக்சல் பயனாளர்கள் தங்கள் சேமிப்பையே திறக்க முடியாமல் தவித்தார்கள். முழுப் பதிப்பிலேயே இந்த நிலை என்றால், சோதனைப் பதிப்பை வேலைக்கான போனில் போடுவது எவ்வளவு துணிச்சல் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

யாருடைய போனுக்கு பீட்டா வரும்?

ஆண்ட்ராய்டு 16 பீட்டா பிக்சல் 6 தொடங்கி அதற்குப் பிந்தைய பிக்சல் போன்களுக்குக் கிடைத்தது. பிறகு ஒன்பிளஸ், ஓப்போ, விவோ, ஐக்யூ, ரியல்மி, ஷாவ்மி, ஹானர், லெனோவா நிறுவனங்களின் குறிப்பிட்ட சில மாடல்களுக்கும் வந்தது. சாம்சங் தனது ஒன் யூஐ பீட்டாவை 'சாம்சங் மெம்பர்ஸ்' ஆப் மூலம் தனியாக நடத்துகிறது.

பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாயில் வாங்கும் பெரும்பாலான போன்களுக்கு ஆண்ட்ராய்டு பீட்டா நேரடியாக வருவதில்லை. அதனால் "எல்லா போனுக்கும் ஆண்ட்ராய்டு பீட்டா, இந்த லிங்க்கை அழுத்துங்கள்" என்று வந்தால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு அப்டேட் வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைலாக ஒருபோதும் வராது. போனின் செட்டிங்ஸ் வழியாகத்தான் வரும். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

ஏற்கெனவே பீட்டா போட்டுவிட்டேன், எப்படி வெளியே வருவது?

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நுழைவது சுலபம். வெளியே வரும் வழி இரண்டு.

முதல் வழி, உடனே வெளியேறுவது. கூகுளின் ஆண்ட்ராய்டு பீட்டா இணையதளத்தில் உங்கள் போனுக்கு எதிரே 'ஆப்ட் அவுட்' கொடுத்தால், பழைய முழுப் பதிப்பு அப்டேட்டாக வந்து சேரும். அதை நிறுவினால் போனில் இருக்கும் அனைத்தும் அழிந்துவிடும். போட்டோ, காண்டாக்ட், வாட்ஸ்அப் எல்லாம் போகும். புது பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

இரண்டாவது வழி, பொறுத்திருப்பது. ஆப்ட் அவுட் கொடுத்த பிறகு வரும், எல்லாவற்றையும் அழிக்கும் அந்த அப்டேட்டைப் போடாமல், முழுப் பதிப்பு வரும்வரை காத்திருந்து அதை நிறுவினால் எதுவும் அழியாது.

இதில் ஒரு கண்ணி உண்டு. 2025 ஜூன் 10-ல் முழுப் பதிப்பு வருவதற்கு முன்பே, மே 20 அன்று அடுத்த கட்டமான கியூபிஆர்1 பீட்டாவை கூகுள் திறந்துவிட்டது. பதிவில் இருந்தவர்களுக்கு அது தானாகப் போனது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் ஜூன் முழுப் பதிப்புக்கு டேட்டாவை இழக்காமல் இறங்க முடியவில்லை. செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு பீட்டாவின் வால் அடுத்த பீட்டாவின் தலையோடு ஒட்டிக்கொண்டே வரும். வெளியே வர விரும்பினால் அடுத்த பீட்டா வருவதற்கு முன்பே பதிவில் இருந்து விலகிவிட வேண்டும்.

போனை ரீசெட் செய்ய நேர்ந்தால் யுபிஐ ஆப்களை மறுபடி பதிவு செய்ய வேண்டும். அதற்கு வங்கிக் கணக்கோடு இணைந்த சிம் அதே போனில் இருக்க வேண்டும், எஸ்எம்எஸ் போகும் அளவுக்கு சிக்னலும் பேலன்ஸும் வேண்டும். அதனால் கரையில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

முழுப் பதிப்பு வந்திருக்கிறது. எப்படி அப்டேட் செய்வது?

1. பதிப்பைப் பாருங்கள். செட்டிங்ஸ் போய் 'அபவுட் போன்' பகுதியில் ஆண்ட்ராய்டு வெர்ஷனும், கடைசி செக்யூரிட்டி அப்டேட் தேதியும் இருக்கும்.

2. இரண்டு வாரம் பொறுங்கள். புது பதிப்பு வந்த முதல் நாளே போட வேண்டிய அவசியம் இல்லை. பெரிய கோளாறு இருந்தால் இந்த இடைவெளியில் வெளியே வந்துவிடும். மாதாமாதம் வரும் செக்யூரிட்டி அப்டேட் வேறு விஷயம். அதைத் தள்ளிப் போட வேண்டாம்.

3. பேக்கப் எடுங்கள். கூகுள் அக்கவுன்ட்டில் காண்டாக்ட், போட்டோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்புக்குத் தனியாக பேக்கப் எடுக்க வேண்டும். படகுப் பதிவு, மீனவர் அடையாள அட்டை, ஆதார் ஆகியவற்றின் போட்டோக்களை வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். ஜிபிஎஸ் ஆப்பில் குறித்து வைத்திருக்கும் இடங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. ஆப் போனாலும் அந்த எண்கள் கையில் இருக்கும்.

4. இடம் காலி செய்யுங்கள். பெரிய அப்டேட் சில ஜிபி வரை இருக்கும். வைஃபை இருந்தால் நல்லது.

5. சார்ஜ் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். நடுவில் அணைந்துவிடக் கூடாது.

6. நாள் பார்த்துப் போடுங்கள். மறுநாள் விடியலில் கடலுக்குப் போக வேண்டும் என்றால் முதல் நாள் ராத்திரி அப்டேட் வேண்டவே வேண்டாம். கடலுக்குப் போகாத இரண்டு நாட்கள் சேர்ந்தாற்போல் கிடைக்கும்போது செய்யுங்கள். தடைக்காலம் இதற்கு மிக வசதி.

7. கரையிலேயே சோதியுங்கள். ஒருவருக்கு போன் பேசிப் பாருங்கள். ஜிபிஎஸ் ஆப்பைத் திறந்து, டேட்டாவை அணைத்துவிட்டு, துறைமுகத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஜிபிஎஸ்-க்கு இன்டர்நெட் தேவையில்லை. செயற்கைக்கோள் சிக்னலே போதும். டிரான்ஸ்பாண்டர் இருந்தால் ப்ளூடூத் இணைப்பையும் பாருங்கள். சின்னத் தொகை ஒன்றை யுபிஐ-யில் அனுப்பிப் பாருங்கள்.

அப்டேட் எங்கே இருக்கும்? பிக்சலில் செட்டிங்ஸ், சிஸ்டம், சாஃப்ட்வேர் அப்டேட். சாம்சங்கில் செட்டிங்ஸின் கடைசிப் பக்கம் 'சாஃப்ட்வேர் அப்டேட்'. மற்ற போன்களில் பெரும்பாலும் 'அபவுட் போன்' பகுதியிலேயே கிடைக்கும்.

தடைக்காலம் முடிந்ததும் ஒரு முக்கியமான செக்

ஆண்ட்ராய்டு 11-ல் தொடங்கி ஒரு வசதி இருக்கிறது. சில மாதங்கள் ஒரு ஆப்பைத் திறக்காமல் விட்டால், அதற்குக் கொடுத்திருந்த அனுமதிகளை போனே திரும்பப் பெற்றுக்கொள்ளும். உளவு பார்க்கும் ஆப்களைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் தடைக்காலத்தில் 61 நாள், அதோடு வானிலை சரியில்லாத வாரங்கள், வேலைநிறுத்த நாட்கள் என்று சேர்ந்தால், மீன்பிடி ஆப் மாதக்கணக்கில் திறக்கப்படாமலே கிடக்கலாம். திரும்பக் கடலுக்குப் போகும் நாளில் அதற்கு 'லொகேஷன்' அனுமதியும், எச்சரிக்கை காட்டும் அனுமதியும் இல்லாமல் போயிருக்கலாம்.

அந்த ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' போங்கள். 'பெர்மிஷன்ஸ்' பகுதியில் லொகேஷன் இருக்கிறதா பாருங்கள். அதே பக்கத்தில், ஆப் பயன்படுத்தப்படாவிட்டால் நிறுத்தி வைக்கச் சொல்லும் சுவிட்ச் ஒன்று இருக்கும். கடலுக்குத் தேவையான ஆப்களுக்கு மட்டும் அதை அணைத்து வையுங்கள். பேட்டரி பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றினால் திரை அணைந்த பிறகும் ஆப் தூங்காது. பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்குப் பிறகும் இதை மறுபடி பாருங்கள்.

சந்தேகங்கள்

பழைய போன், அப்டேட்டே வரவில்லை. என்ன செய்வது?

போன் கம்பெனி ஆதரவை நிறுத்தியிருக்கலாம். ஆப்களைத் தொடர்ந்து அப்டேட் செய்யுங்கள். தெரியாத லிங்க், ஏபிகே பக்கம் போகாதீர்கள். முடிந்தால் வங்கி வேலையை வேறு போனுக்கு மாற்றுங்கள். அடுத்த போன் வாங்கும்போது கேமராவோடு சேர்த்து எத்தனை வருடம் அப்டேட் என்றும் கேளுங்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 முதல் ஏழு வருடம் தருவதாக அந்த நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. விலை குறைந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கே ஆறு வருடம் சொல்லப்பட்டிருக்கிறது.

ஐபோனுக்கும் இதே கதையா?

ஆமாம். ஐஓஎஸ் 26-ன் டெவலப்பர் பீட்டா 2025 ஜூன் 9-ல் வந்தது. முழுப் பதிப்பு செப்டம்பர் 15-ல்தான் வந்தது. அங்கேயும் பீட்டாவில் இருந்து பழைய பதிப்புக்கு இறங்க வேண்டும் என்றால் போனை அழித்துத்தான் ஆக வேண்டும்.

எனக்கு பீட்டா சோதித்துப் பார்க்க ஆசை. தப்பா?

தப்பே இல்லை. பீட்டா சோதிப்பவர்கள் இருப்பதால்தான் மற்றவர்களுக்கு நல்ல பதிப்பு கிடைக்கிறது. தமிழில் போனைப் பயன்படுத்தி, தமிழ் எழுத்து எங்கே வெட்டுப்படுகிறது என்று சொல்ல ஆட்கள் வேண்டும். சிம் போடாத இரண்டாவது போனில் செய்யுங்கள். கோளாறு தென்பட்டால் பிக்சலில் இருக்கும் 'ஆண்ட்ராய்டு பீட்டா ஃபீட்பேக்' ஆப் மூலம் புகார் அனுப்புங்கள். புகார் அனுப்பாமல் வைத்திருக்கும் பீட்டாவால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

நம்பி எடுத்துப் போன போன் நடுக்கடலில் வேலை செய்யாவிட்டால்?

போனை மட்டும் நம்பிக் கிளம்பாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. போகும் திசை, திரும்பும் நேரம் ஆகியவற்றைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கூட வருபவரின் போனை அப்டேட் செய்யாமல் வைத்திருந்தால், ஒன்று மக்கர் செய்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093. பொதுவான அவசர எண் 112. இவற்றை போனில் சேமித்தால் மட்டும் போதாது, படகிலும் எழுதி வையுங்கள். போன் அணைந்துவிட்டால் அதிலிருக்கும் நம்பரும் சேர்ந்தே அணைந்துவிடும்.